கப் ஸ்டாண்டு செய்கிறோம், மெஷின் வாங்கவில்லை

(தொழில் தொடங்க நினைக்கும் குழுக்களுக்காக, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "மரத்துல பேரு செதுக்குற மெஷின் வந்திருக்காமே, லோன் போட்டு வாங்கிறலாமா?" என்று மூன்று குழுக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த வேலையில் இருப்பதால் எங்களைப் பேசச் சொன்னார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கிடுங்க.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில். சுத்திலும் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். எங்களில் எட்டுப் பேர் கட்டை அடுக்கியவர்கள். இரண்டு பேர் கரி மூட்டத்துக்கு விறகு வெட்டியவர்கள். முழு மெஷின் ஆலைகள் பெருகின பிறகு கட்டை அடுக்கும் வேலை எப்படிக் குறைந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 1-ஆம் தேதி தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அப்போதும் கையால் அடுக்குகிறவளுக்கு வேலை திரும்பி வரவில்லை. அதனால் மெஷின் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குள் பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்கு ஆசை. "அவுக வாங்குனா நம்ம வேலை போகும், நாம வாங்குனா நமக்கு வேலை வரும்" என்று ஒரு தங்கச்சி சொன்னது எல்லாருக்கும் சரி என்றுதான் பட்டது. அதில் எவ்வளவு சரி, எவ்வளவு சரியில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

வேலை வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறோம். 2023 ஆடி மாசம், எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். கொரோனாவுக்கு அப்புறம் அவரவர் கப்பிலேயே டீ குடிப்பது பழகிவிட்டது. மேசை மேல் எல்லாம் கலந்து கிடக்கிறது. சுவரில் மாட்டும் மரப்பலகை, ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் டீச்சர் பேர் செதுக்கியது, இரண்டு வேண்டும் என்றார்கள். ஊர் ஆசாரியிடம் கேட்டோம். கொக்கியும் பலகையும் செய்துவிடலாம், பன்னிரண்டு பேரை உளியால் செதுக்கினால் மூணு நாள் கூலி ஆகும் தாயி என்றார். நிலைக்கதவில் டிசைன் வெட்டித் தரும் கடை டவுனில் இருக்கிறது, அங்கே போங்க என்று அவரே வழி காட்டினார். அங்கேதான் சி.என்.சி. ரவுட்டரை முதலில் பார்த்தோம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறோம். ஒரு பெரிய மேசை. மேலே ஒரு பாலம் மாதிரிச் சட்டம். அதில் ஒரு மோட்டார், மோட்டாரின் நுனியில் பென்சில் தடிமனில் ஒரு வெட்டும் பிட். அது இட வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் போகும். நம் வீட்டு மிக்ஸி நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று வரை ஓடும், இந்த பிட்டும் ஏறக்குறைய அந்த வேகம்தான். எங்கே எவ்வளவு ஆழம் போகணும் என்பதைக் கம்ப்யூட்டர் எண்களாகச் சொல்லும். பட்டுச் சேலை நெய்கிற தறியில் ஜக்கார்டு அட்டை தொங்குமே, ஓட்டை இருந்தால் இழை மேலே, இல்லாவிட்டால் கீழே, அந்தச் சங்கதிதான். அந்த அட்டைத் தறி 1804-ல் பிரான்சில் வந்தது. எண் சொல்லி இரும்பு வெட்டும் மெஷினை 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் ஓட்டிக் காட்டினார்கள், அதற்கும் துளை போட்ட காகித நாடாதான். ஆக, தறிக்காரிக்கு இது ஒன்றும் அன்னியமில்லை. அட்டை யார் கையில் இருக்கோ அவர் கையில்தான் டிசைன். இதை ஞாபகத்தில் வச்சிக்கிடுங்க.

முதல் பலகையைக் கெடுத்தோம். ஒரு கொக்கியில் "கோமதி" என்று வரவேண்டும். எங்கள் பிள்ளை வீட்டில் டைப் செய்து கொடுத்த எழுத்து அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் இல்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அப்படியே மரத்தில் விழுந்துவிட்டது. மெஷினுக்குத் தமிழ் தெரியாது, வட்டத்தையும் பொறுமையாகச் செதுக்கியது. ஓட்டினவருக்கும் அன்றைக்கு அவசரம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பலகையும் செதுக்குக் கூலியும் எங்கள் தலையில்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்தோம். இங்க்ஸ்கேப் என்று ஒரு மென்பொருள், காசில்லாமல் கிடைக்கிறது. அதில் பேரை எழுதி, எழுத்தைக் கோடாக மாற்றி (அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது) சேமித்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் எழுத்து உடையாது. இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைத்த முதல் முதலீடு என்று சொல்லணும். இப்போது வரைபடம் எங்களுடையது. கடை மாறினாலும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

தமிழ் எழுத்து செதுக்குவதற்கு ஆங்கிலம் மாதிரி லேசு இல்லை. ண, ணி, ஞ இவைகளில் சுழி அதிகம். எழுத்து சின்னதானால் சுழிக்குள் நிற்கிற மரத்துண்டு பிய்ந்துகொண்டு போய்விடும், சுழி குழியாகிவிடும். முக்கால் அங்குல உயரத்தில் செய்து பார்த்தோம், "ஞானம்மாள்" நிற்கவில்லை. ஒரு அங்குலத்துக்குக் குறைந்து இப்போது வெட்டுவதில்லை. வி மாதிரி கூரான பிட்டைப் போட்டால் மெல்லிய கோடு ஆழம் குறைவாகவும் தடித்த கோடு ஆழம் அதிகமாகவும் விழுந்து, கையெழுத்து மாதிரி அழகாக வரும். புள்ளியையும் அதே பிட்டால் ஒரு குத்தாகக் குத்தினால் போதும். பேரை எழுதி வாங்கும்போது வீட்டுக்காரர் கையாலேயே எழுதச் சொல்லி, கையெழுத்தும் வாங்கி நோட்டில் ஒட்டிவிடுகிறோம். ஒற்று விட்டுப்போச்சு என்று யாரும் பிறகு சண்டைக்கு வர முடியாது.

மரத்தைப் பற்றி. வேம்பும் வாகையும் பூவரசும் நம் பக்கத்தில் கிடைப்பவை. எங்களுக்கு வேம்பு சரியாக வருகிறது. எம்.டி.எஃப். பலகை மலிவு, பிட்டுக்கும் சுகம், ஆனால் ஈரக் கப்பைத் தொங்கவிட்டால் ஊதிப்போகும். கப் ஸ்டாண்டுக்கு அது ஆகாது.

எங்கள் கரிமூட்டத்து அக்கா ஒருத்தர் கேட்டார், "ஊரெல்லாம் சீமைக் கருவேலம் நிக்குது, அதைக் கரியாக்கிக் காசாக்குதோம், அதுல செதுக்க முடியாதா?" என்று. நல்ல கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று கொண்டுவந்த மரம், 2017-ல் உயர் நீதிமன்றமே வெட்டி எடுக்கச் சொல்லும் அளவுக்குப் பரவிக் கிடக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இதன் பங்காளி மரத்தை மெஸ்கீட் என்பார்கள். அதில் மேசை நாற்காலி செய்கிறார்கள், வீட்டுத் தரைக்கும் பலகை போடுகிறார்கள். செய்து பார்த்தோம். வைரம் நல்ல செம்பழுப்பு, மெருகு ஏறினால் கண்ணைப் பறிக்கிறது. சிரமமும் உண்டு. கோணல் மரம், அகலம் கிடைக்காது. இரண்டு மூன்று பட்டையை ஒட்டித்தான் பலகை ஆக்கணும். மேலே மஞ்சளாக இருக்கிற வெளிமரத்தை அப்படியே விட்டால் பூச்சி அரித்து மாவு கொட்டும், அதைச் சீவி எறியணும். பச்சையாக அறுத்து வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், பலகைக்குப் பலகை இடைக்கட்டை வைத்து, முனைகளில் பெயிண்ட் பூசி, மாதக்கணக்கில் காய வைக்கணும். வேம்பில் ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர் ஆழம் எடுப்பார்கள், இதில் ஒன்றுதான். நேரம் இரண்டு மடங்கு, கூலியும் இரண்டு மடங்கு. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து, கேட்கிறவர்களுக்கு மட்டும் செய்கிறோம். அந்த அக்காவுக்கு அதில் தனிச் சந்தோஷம், மூட்டத்தில் போகவேண்டிய கட்டை சுவரில் ஏறுகிறதே என்று.

செதுக்கியதோடு வேலை முடியவில்லை. மெஷின் இருபது நிமிஷம், எங்கள் கை இரண்டு மணி நேரம். எழுத்து ஓரங்களில் நிற்கிற சிராயை எடுக்கணும், உப்புத்தாளை முரடிலிருந்து நைசுக்குப் படிப்படியாகத் தேய்க்கணும். கொக்கிக் குச்சியை நேராக அடித்தால் கப் வழுக்கி விழும், சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடிக்கணும். பிறகு மெருகு. ஆறு காலிக் கப் இரண்டு கிலோ வரும், நாங்கள் ஆறு கிலோ கல்லைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

தேய்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் மூக்கைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் என்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் மருந்துப் பொடியைச் சுவாசித்த மூக்குக்கு இன்னொரு பொடி வேண்டாம். முந்தானையால் மூடிக்கொண்டால் போதாது, சரியான மாஸ்க் வேண்டும். திண்ணையில், காற்றுப்போக்கில் தேய்க்கணும். கைப்பிள்ளையைப் பக்கத்தில் படுக்கப் போடக்கூடாது. மெஷின் ஓடும் இடத்துக்குப் போனால் முந்தானையைச் சொருகி, தலையை அள்ளி முடிந்து, வளையலையும் தொங்கட்டச் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்க. கையுறையும் போடக்கூடாது, சுற்றுகிற பிட் கையுறையைப் பிடித்தால் கையோடு இழுக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லலாமா என்று குழுவில் பேசினோம், சொல்லுங்க என்றார்கள். எங்கள் குழுவில் மூன்று தெருப் பெண்கள் இருக்கிறோம். டீச்சர் ஆர்டர் வந்த அன்றைக்கு, "ஆளுக்கு ஒரு தனிக் கப்பு, பேரு போட்டு" என்று ஒருத்தர் உற்சாகமாகச் சொன்னபோது, எங்களில் மூத்தவர் பேசாமல் இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "தனி டம்ளர்னா எங்களுக்கு வேற ஞாபகம் தாயி" என்றார். டீக்கடைக் கூரையில் சொருகி வைத்திருந்த டம்ளரை எடுத்து, குடித்துவிட்டு, தானே கழுவி, திரும்பவும் சொருகி வைத்த காலம் அவருக்குத் தெரியும். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-லேயே ஒழித்தது, தண்டிக்கும் சட்டம் 1955-ல் வந்தது. அவர் சொருகி வைத்தது அதற்கு ரொம்பப் பின்னாடி. அன்றைக்கு யாருக்கும் பதில் பேச வரவில்லை. ஆர்டரை விட்டுவிடலாமா என்றுகூட ஒருத்தர் கேட்டார். அவரேதான், "வேண்டாம், செய்வோம். ஆனா மொதல்ல நமக்கு ஒண்ணு செய்யணும்" என்றார். கெட்டுப்போன அந்தக் கோமதி பலகையின் பின்பக்கத்தை இழைத்து, எங்கள் பன்னிரண்டு பேர் பேரையும் செதுக்கினோம். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம். அது குழு கூடும் வீட்டில் மாட்டியிருக்கிறது. கூட்டம் முடிந்தால் யார் முறையோ அவர் பன்னிரண்டு கப்பையும் ஒரே சட்டியில் கழுவி மாட்டுகிறார்.

இனி கணக்கு. இதற்காகத்தான் உங்களைக் காக்க வைத்தோம்.

ஆறு கப் மாட்டும் ஸ்டாண்டு ஒன்றுக்கு மரம் 85 ரூபாய், கடையில் செதுக்குக் கூலி 100, கொக்கிக் குச்சி 30, உப்புத்தாளும் மெருகும் 35, அட்டைப்பெட்டி 25. ஆக 275. நாங்கள் 350-க்கு விற்றோம். 75 ரூபாய் லாபம் என்று குதித்தோம். முதல் நாற்பதில் ஆறு கெட்டது. மிச்சம் முப்பத்து நாலுக்கு 2,550 வந்தது. கெட்ட ஆறுக்கு மரமும் கூலியும் 1,110 போனது. பஸ்சுக்கும் சுமைக்கும் 400. கையில் நின்றது 1,040. தேய்த்தது ஐந்து பேர், ஆளுக்கு 208 ரூபாய், ஏறக்குறைய பன்னிரண்டு நாள் மத்தியான வேலைக்கு! கணக்கு நோட்டைப் பார்த்து ஊக்குநர் அக்கா தலையில் கை வைத்துவிட்டார். "உங்க கூலியை எங்கம்மா எழுதிருக்கீங்க?" என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை. வீட்டில் பெட்டி ஒட்டின பழக்கம், நம் நேரத்துக்கு விலை இல்லை என்று நாமே நினைத்துவிட்டோம்.

இப்போது மணிக்கு 60 வீதம் இரண்டு மணிக்கு 120 சேர்த்து அடக்கம் 395 என்று எழுதுகிறோம். விலை 550. மிச்சம் 155-ல் சேதாரம், போக்குவரத்து போக, பாக்கி குழுக் கணக்குக்குப் போகிறது. விலை ஏற்றினால் விற்காது என்று பயந்தோம். பேரோடு கேட்கிறவர் பேரம் அதிகம் பேசுவதில்லை. புதுமனை புகுவிழா, பணி ஓய்வு, கல்யாணம், இவைதான் ஓட்டம். கல்லூரிச் சந்தையில் பிள்ளைகள் கப் ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவி மாட்டும் சின்னப் பலகையைத்தான் வாங்கினார்கள். மாசம் இருபது, இருபத்தைந்து ஸ்டாண்டு போகிறது. தை, ஆவணியில் நாற்பது வரை.

மெஷின் விற்க வந்தவர் இரண்டடிக்கு மூன்றடி மேசை உள்ளதற்கு இரண்டரை லட்சம் சொன்னார். "லோன் நாங்களே ஏற்பாடு பண்ணுறோம், மாசம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம்" என்றார். எங்களில் ஏழு பேர் வாங்கணும் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து ஆகாமல் இரண்டு கூட்டம் முட்டிக்கொண்டது. முகம் கொடுத்துப் பேசாத வாரங்களும் உண்டு. கடைசியில் ஸ்லேட்டில் கணக்குப் போட்டுத்தான் சமாதானம் ஆனது. இரண்டரை லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, 36 மாசத் தவணை என்றால் மாசம் 8,300 ரூபாய். சொந்த மெஷின் இருந்தால் நமக்கு மிச்சமாவது அந்த 100 ரூபாய் செதுக்குக் கூலிதான். அதிலும் கரண்டு, பிட் தேய்மானம் 15 போனால் 85. 8,300-ஐ 85-ஆல் வகுத்தால் 98. மாசம் 98 ஸ்டாண்டு விற்றால் தவணை மட்டும் கட்டலாம். நாங்கள் விற்பது இருபத்தைந்து. அவர் சொன்ன முப்பதாயிரம் எங்கேயிருந்து வரும்? அது போக, வேலை நடுவில் கரண்டு போனால் பிட் நின்ற இடம் கணக்குத் தப்பும், பலகை வீணாகும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

வாங்கணும் என்று நின்ற ஏழு பேரில் ஒருத்தர்தான் இப்போது எங்கள் விற்பனைப் பொறுப்பு. அவர் இன்னமும், "நூறு ஆர்டரைக் கொண்டாந்து காட்டுதேன் பாருங்க" என்கிறார். காட்டட்டும், நாங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

எங்கள் சரக்கின் மேல் "மெஷினில் செதுக்கி, கையால் மெருகேற்றியது" என்று சீட்டு ஒட்டுகிறோம். கைவேலை என்று மட்டும் போட்டால் விலை கூடும் என்று ஒரு வியாபாரி சொன்னார். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கிற கைகள் அவை. அந்தப் பேரில் நாம் பங்கு கேட்கக்கூடாது.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். செதுக்குவேலை செய்யும், செய்ய நினைக்கும் குழுக்கள் தனித்தனியாக லோன் போடவேண்டாம். மூன்று மாசத்துக்கு, எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை கொடுத்தோம் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐந்து குழு சேர்ந்து மாசம் நூற்றைம்பதைத் தாண்டினால், கூட்டமைப்பு பேரில் ஒரு பொது மெஷின் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். வரைபடம் போட எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் கற்றுக்கொடுக்கத் தயார்.

இன்னொன்று. பணி ஓய்வு விழா ஒன்றுக்கு முப்பது ஸ்டாண்டு கேட்டிருக்கிறார்கள், எங்கள் கை பத்தாது. பழக விரும்புகிறவர்கள் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊருக்கு வரலாம். மணிக்கு 60 ரூபாய் கூலி உண்டு. உப்புத்தாளும் மாஸ்க்கும் நாங்கள் தருகிறோம், துடைக்கப் பழைய நூல்சேலைத் துணி மட்டும் எடுத்து வாருங்கள்.